அயல்நாட்டுப் பணியின் கடைநாட் கணக்கு

வினைமுற்றி மீளுந் தலைமகன் தன் தேர்ப்பாகனை நோக்கி விரைந்து செலுத்துமாறு கூறும் துறையிலமைந்த பாட்டுகள் சங்கத் தொகைநூல்களிற் பலவுள. அத்தலைமகனுடைய தேர் அவனுக்கே உரியது. பாகன் அவன் ஏவல் கேட்பவன். வினை முடிந்த அன்றே புறப்படுவானைத் தடுப்பார் ஒருவருமிலர். இக்காலத்துப் பொருள்வயிற் பிரிவோன் நிலையோ அத்தகையதன்று. ஈராண்டு ஒப்பந்தம் முடிந்து ஊர்திரும்ப விழைவானுக்கு விமானச் சீட்டும், வெளியேறும் உரிமைச் சீட்டும், ஈட்டிய பொருளின் கடைசிப் பகுதியும் பெரும்பாலும் பிறர் கையிலேயே இருக்கின்றன. இது குறித்துச் சில கூறப் புகுந்தோம்.

அரியலூர் மாவட்டத்துக் கீழப்பழுவூர் போக்குவரவுக்குப் புதிய ஊரன்று. இவ்வூர் ஆலந்துறையைப் பாடிய திருஞானசம்பந்தர், மலையாள அந்தணர் ஈண்டு வழிபட்டமையைத் தம் பதிகத்திற் குறித்துள்ளார். சோழர்க்குத் துணைநின்ற பழுவேட்டரையர் சேரநாட்டுத் தொடர்புடையவரென்று அன்பிற் செப்பேட்டைக் கொண்டு ஆராய்ச்சியாளர் கூறுவர். அன்று பிறர் வந்தனர். இன்று இவ்வட்டாரத்தார் போகின்றனர். சுண்ணாம்புக்கற் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும் அண்மையில் இருந்தும், புன்செயை நம்பிய குடும்பத்து இளைஞர் பலர் திருச்சிராப்பள்ளி விமான நிலையத்தின் வழியே சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் ஏகுகின்றனர். நகையை அடகு வைத்து ஏஜெண்டுக்குப் பணங்கட்டி ஒருவன் புறப்படும் நாளில் வழியனுப்பத் தெருவே திரள்கின்றது. அவன் மீளும் நாளில், பெட்டியில் என்ன கொணர்ந்தான் என்று வினவுவார் உளர். அவனுக்குச் சேரவேண்டியது முழுதும் சேர்ந்ததா என்று வினவுவார் அரியர்.

சேரவேண்டியதுதான் யாது? ஐக்கிய அரபு நாடுகளின் 2021-ஆம் ஆண்டுத் தொழிற்சட்டப்படி, ஓராண்டு நிறைவித்த தொழிலாளிக்கு முதல் ஐந்தாண்டுகளில் ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாகும். ஒப்பந்தம் முடிந்த 14 நாட்களுக்குள் எல்லா நிலுவையும் கொடுத்தல் வேண்டும். ஈண்டு 'அடிப்படை' என்னுஞ் சொல்லை ஊன்றி நோக்குக. மாதம் 1,000 திர்ஹம் முழுதும் அடிப்படைச் சம்பளமாயின் ஈராண்டுப் பணிக்கொடை 1,400 திர்ஹம். அதே 1,000 திர்ஹத்தில் 600 அடிப்படையென்றும் 400 படியென்றும் ஒப்பந்தத்திற் பிரித்தெழுதியிருப்பின், அது 840 ஆகக் குறைந்துவிடும். மாதந்தோறும் கைக்கு வரும் தொகையில் வேறுபாடின்மையால், கடைசி மாதம் வரை தொழிலாளிக்கு இது புலப்படுவதேயில்லை. சிங்கப்பூரில் இத்தகைய பணிக்கொடையைச் சட்டம் விதிக்கவில்லை. ஆயினும், தொழில் உரிமச் சீட்டில் வருவோனை ஊருக்கு அனுப்பும் செலவு முதலாளியைச் சார்ந்தது. மலேசியர் அல்லாத ஒவ்வொருவர்க்கும் 5,000 வெள்ளிப் பிணையும் அவர் கட்டவேண்டும். சம்பள நிலுவைக்கு முறையிடுவோன் வேலை நீங்கிய ஆறு திங்களுக்குள் முறையிடுதல் வேண்டும்.

சட்டமிருக்க அச்சமேன் என்று சிலர் கூறக்கூடும். சட்டம் ஏட்டிலிருப்பது உண்மை. ஆனால் விமானம் ஏறுதற்கு முன்னாள் நீட்டப்படும் தாளில், எனக்குரியதெல்லாம் பெற்றுக்கொண்டேன் என்று அரபியிலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்டிருக்கும். கையொப்பமிட்டாலன்றிக் கடவுச்சீட்டு வாராதென்றால், தாயைக் காண விழைபவன் என் செய்வான்? கடவுச்சீட்டை முதலாளி வைத்திருத்தல் அந்நாட்டுச் சட்டத்திற்கும் மாறுபட்டதென்று அவனுக்கு யார் சொன்னார்? 2020-இல் கொள்ளைநோயின் பொருட்டு விரைந்து திரும்பியோருள் பலர் நிலுவை பெறாமலே வந்தனர். நாட்டைவிட்டு நீங்கிய பின் வழக்காடுவது எத்துணை அரிதென்பதை அவர் நன்கறிவர்.

இத்துயர் நம் மக்களுக்குப் புதிதன்று. இலங்கைத் தோட்டங்களில் 'துண்டு' என்றொரு முறை இருந்தது. தொழிலாளியின் கடன் தீர்க்கப்படின் அவனை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. அதனால் உழைப்பவனோடு அவன் கடனும் ஒரு தோட்டத்தினின்று மற்றொன்றுக்குக் கைமாறிற்று. 1921-இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கத்தார் நாட்டிலோ, முதலாளியின் இசைவுச் சீட்டின்றித் தொழிலாளர் நாட்டைவிட்டுப் புறப்படலாகாதென்ற விதி பெரும்பாலோர்க்கு 2018-இலும் வீட்டுப் பணியாளர்க்கு 2020-இலுமே நீங்கியது. சவூதி அரேபியா 2021-இல் இத்தகைய சீர்திருத்தஞ் செய்தபோது வீட்டுப் பணியாளரை அதிற் சேர்க்கவில்லை.

வேதாகமத்தைப் பயிலும் நம்மவர் யாக்கோபைத் தந்திரசாலி என்றே பேசிப் பழகிவிட்டனர். இருபது ஆண்டுகள் லாபானிடம் உழைத்து, பத்துமுறை சம்பளம் மாற்றப்பெற்ற அவன், தன் மனைவி மக்களோடும் மந்தையோடும் சொல்லாமற் புறப்பட நேர்ந்தது ஏன் என்பதை ஆராய்வார் சிலரே. தன் தந்தையின் தேவன் தன்னோடு இராவிடின் வெறுங்கையனாய் அனுப்பப்பட்டிருப்பான் என்று அவனே பின்னர்க் கூறுகின்றான். அடிமையை விடுதலை செய்து அனுப்புங்கால் வெறுமையாய் அனுப்பலாகாதென்று உபாகமம் பின்னர் விதிக்கின்றது. கடைநாட் கூலியைப் பற்றிய அக்கறை அருளுரைக்குப் புறம்பானதென்று எண்ணுவோர் இவ்விரண்டையும் ஒருசேரப் படிப்பாராக.

அரசியலார் செய்தவற்றை யாம் மறுக்கின்றிலம். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டமும், 2015-இல் ஏற்பட்ட 'மதத்' என்னும் முறையீட்டு இணையவாயிலும், புறப்படுவோர்க்கு அளிக்கும் பயிற்சியும் பயனுடையனவே. ஆனால் புறப்படுமுன் கேட்ட அறிவுரை ஈராண்டு கழித்து நினைவில் நிற்குமோ? மீளுவதற்கு மூன்று திங்களுக்கு முன்னரே அவனை நினைவூட்டுதல் வேண்டும். அது வீட்டிலுள்ளார் செய்யத்தக்க பணி. அவர்க்கு அதனைக் கற்பித்தல் நம்மால் இயலும்.

ஆதலின் நங் கலாசாலைத் தமிழ்ச் சங்கத்தார் எளிய தமிழிற் பதினாறு பக்கத்துச் சிறுநூலொன்று இயற்றவேண்டுமென்பது எம் கருத்து. ஒப்பந்தத்தையும், மாதச் சம்பளச் சீட்டுகளையும், மிகைநேர வேலைக் கணக்கையும் படமெடுத்து வீட்டாரிடம் அனுப்பிவைத்தல். அடிப்படைச் சம்பளம் எவ்வளவென்று தொடக்கத்திலேயே அறிதல். பணம் வங்கியிற் சேருமுன் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமிடாமை. நிலுவையோடு திரும்ப நேரின், நம்பத்தக்க ஒருவர்க்கு வழக்கு நடத்தும் அதிகாரப் பத்திரம் எழுதிக்கொடுத்துவிட்டு வருதல் ஆகியவற்றை அது விளக்குக. தொழிலியல், வணிகவியல் ஆசிரியர்கள் கணக்குப் பகுதியைப் பார்த்துத் திருத்துவாராக. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் பணிபுரியும் பழைய மாணவர்கள் தத்தம் நாட்டு விதிகள் மாறுந்தோறும் எழுதியனுப்புவாராக. அச்சிட்ட படிகளை விடுமுறையிற் கீழப்பழுவூர் முதலிய ஊர்களுக்குக் கொண்டுசென்று, வெளிநாட்டிலிருப்போர் இல்லங்களில் உட்கார்ந்து, அவர்தம் ஒப்பந்தத் தாளைத் தமிழிற் படித்துக் காட்ட ஒருநாளைக்கு இருவர் போதும்.