ஆபரேஷன் முடிஞ்சாச்சு, நடக்கிறது எப்போ?

இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பும் பெரியவரை நம்ம ஊர்ப்பக்கம் கட்டிலை விட்டு இறங்கவே விடமாட்டார்கள். ஆயக்குடியிலும் அதே கதைதான். "அசையாதீங்கப்பா, மூட்டு கழண்டுக்கும்" என்பாள் மகள். பாசம்தான்... ஆனால் கெடுதல் செய்கிற பாசம்.

இப்போதெல்லாம் பெரும்பாலும் ஆபரேஷன் அன்றோ மறுநாளோ வாக்கரைக் கொடுத்து எழுப்பிவிடுகிறார்கள். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரல் வரை போய் உயிருக்கே உலை வைக்கலாம். தொடைச் சதையும் இளைத்துவிடும். படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, தொடையை இறுக்கித் தளர்த்துவது, வீட்டுக்குள்ளேயே அடிக்கடி கொஞ்சம் கொஞ்சம் நடப்பது. இதற்குக் காசா, பணமா?

பயப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு. சம்மணம் போடுவது, குந்துவது, கால்மேல் கால் போடுவது. கொய்யாக் கூடை முன்னால் குத்தவைத்தே பழகியவர்களுக்கு இதுதான் பெரிய கஷ்டம். எத்தனை வாரத்துக்கு என்று டாக்டர்தான் சொல்லவேண்டும். லட்சக்கணக்கில் ஆபரேஷனுக்குச் செலவழித்துவிட்டு, ஒரு கமோட் நாற்காலி வாங்க யோசிப்பது என்ன கணக்கோ!

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

ஊன்றுகோல் எப்போதும் நல்ல கால் பக்கத்துக் கையில். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். பழனி மலைப்படிக்கு இப்போதைக்கு அவசரமில்லை, வின்ச் இருக்கிறது :-)