கம்பியும் பஞ்சும் எந்தக் கடையிலும் கிடைக்கும்: வேப் விஷயத்தில் நாம் பேசாமல் விடுகிற பகுதி



ஊர்ச் சகோதரர்களே, தாய்மார்களே, பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் 13, 14 வயதைத் தாண்டிய ஆண் பிள்ளை இருக்கிறவர்கள் மட்டுமாவது கடைசிவரை வாசியுங்கள்.

வேப் பற்றி இப்போது ஊரில் எல்லோரும் பேசுகிறோம். பள்ளிவாயல் வாசலிலும் பேசுகிறோம், பெற்றோர் கூட்டத்திலும் பேசுகிறோம், கல்யாண வீட்டிலும் பேசுகிறோம். பேச்சு முடிகிற இடம் மட்டும் எப்போதும் ஒன்றுதான்: "பொலிஸ் பிடிக்கணும், கஸ்டம்ஸ் நிறுத்தணும், விற்கிறவனைச் சும்மா விடக்கூடாது." அதெல்லாம் வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் நாள் முழுக்கப் பிள்ளைகளோடு இருக்கிற ஆசிரியர்களாகிய நாங்கள் சொல்ல வருவது வேறு. நம் பொடியன்மார் சிலரின் கையில் இருப்பது, வாங்கி ஊதிவிட்டு எறிகிற சாமான் இல்லை. அவர்களே கட்டி, அவர்களே கழற்றி, மீண்டும் கட்டுகிற சாமான். அதைக் கஸ்டம்ஸால் மட்டும் நிறுத்த முடியாது.

அது என்னவென்று முதலில் விளங்கிக்கொள்வோம். வேப் என்பதற்குள் ஒரு பெட்டரி, ஒரு சிறிய டேங்க், அந்த டேங்குக்கு அடியில் ஒரு கொயில். கொயில் என்றால் சுருட்டிய கம்பி. அதற்குள் பஞ்சுத் திரி. திரி திரவத்தை உறிஞ்சுகிறது, கம்பி சூடாகிறது, திரவம் ஆவியாகிறது. நம் வீட்டு மண்ணெண்ணெய் விளக்கின் திரி எப்படி எண்ணெயை மேலே இழுக்கிறதோ, அதே வேலைதான். சாதாரண டேங்கில் இந்தக் கொயில் தொழிற்சாலையில் செய்து மூடி வருகிறது. பழுதானால் எறிந்துவிட்டுப் புதியது போடுவார்கள். கையால் கட்டுகிற வகையில் அந்த இடம் திறந்து கிடக்கும். இரண்டு சிறிய தூண்கள், ஸ்குரூ ஆணிகள். கம்பியைத் தானே சுருட்டிப் பூட்டி, பஞ்சைத் தானே நுழைத்துக்கொள்ளலாம். பொடியன்மார் இதை ஆர்.பி.ஏ., ஆர்.டி.ஏ. என்று எழுத்துகளால் சொல்வார்கள். பிள்ளையின் போனில் இந்த எழுத்துகளைக் கண்டால் விளங்கிக்கொள்ளுங்கள்.

ஏன் இந்த வகையை விரும்புகிறார்கள்? முதல் காரணம் காசு. மூடிய கொயில் விலை கூட, கிடைப்பதும் கஷ்டம். கம்பியும் பஞ்சும் மலிவு. இரண்டாவது காரணம்தான் நாம் கவனிக்க வேண்டியது. அது ஒரு கைவேலை. சுருட்டுவதிலும் அளப்பதிலும் பொருத்துவதிலும் ஒரு ருசி இருக்கிறது. யூடியூபில் பார்த்துப் பழகி, கூட்டாளிக்குக் கட்டிக் கொடுத்து, "இவன்ட கை நல்ல கை" என்று பேர் வாங்குகிறான். கணிதத்தில் 30 புள்ளி எடுக்காத பிள்ளைக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவன் "நீ கெட்டிக்காரன்" என்று சொல்வது அங்கேதான். இது கசப்பான உண்மை.

இனி சட்டத்துக்கு வருவோம். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி, நம் நாட்டில் 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருட்களை விற்பது குற்றம். 2016இல் வந்த வர்த்தமானி அறிவித்தல், புகையிலை அடங்கிய இலத்திரனியல் சிகரெட்டுகளை உற்பத்தி செய்வதையும் இறக்குமதி செய்வதையும் விற்பதையும் தடுக்கிறது. நல்ல சட்டம். ஆனால் சட்டம் முழுச் சாமானைத்தான் பார்க்கும். கம்பி கம்பிதான், பஞ்சு பஞ்சுதான். எந்தப் பொலிஸ்காரர் பஞ்சு வைத்திருந்ததற்காக ஒருவனைப் பிடிப்பார்? ஒரே ஒரு டேங்க் யாருடைய பெட்டியிலாவது ஊருக்குள் வந்துவிட்டால் போதும், அதை வருடக்கணக்கில் ஓட்டலாம். வாசலில் சட்டம் நிற்கட்டும். வீட்டுக்குள் நாம்தான் நிற்க வேண்டும். நிற்பதற்கு அறிவு வேண்டும், வெறும் சத்தம் போதாது.

"சேர், இது சும்மா ஸ்டீம்தான், தண்ணி ஆவி" என்று பிள்ளைகள் எங்களிடம் சொல்கிறார்கள். "இது கூடாது" என்று மட்டும் பதில் சொன்னால் மனதுக்குள் சிரிப்பார்கள். ஏனென்றால் அந்தச் சாமானைப் பற்றி நம்மைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும். ஆனபடியால் கணக்கோடு பேசுவோம்.

முதலாவது, மின்னோட்டம். சாதாரண தரத்து விஞ்ஞானத்தில் ஓமின் விதி இருக்கிறது. வோல்ட்டைத் தடையால் வகுத்தால் அம்பியர். இந்தச் சாதனங்களில் போடுகிற 18650 வகை பெட்டரி முழுதாகச் சார்ஜ் ஆனால் 4.2 வோல்ட். கொயிலின் தடை 1 ஓம் என்றால் 4.2 அம்பியர். பெரிய புகை வேண்டும் என்று தடையைக் குறைத்து 0.2 ஓம் ஆக்கினால் 21 அம்பியர். 0.1 ஓம் என்றால் 42 அம்பியர். நம் வீட்டுச் சுவரில் இருக்கிற பெரிய பிளக்கே 13 அம்பியர்தான். ஒரு கொயிலுக்குப் பதிலாக இரண்டைச் சமாந்தரமாகப் பூட்டினால் தடை பாதியாகிவிடும், மின்னோட்டம் இரண்டு மடங்காகும். இதைக் கணக்குப் போடாமல், "ரெண்டு கொயில் போட்டா நல்லா வரும்" என்று ஒருவன் சொன்னதைக் கேட்டு இன்னொருவன் பூட்டுகிறான். கம்பியின் ஒரு முனை தவறி உலோகத்தில் பட்டால் குறுஞ்சுற்று. நல்ல சாதனத்தில் அதைக் கண்டு நிறுத்துவதற்கு ஒரு சிப் இருக்கும். சிப் இல்லாத, வெறும் குழாய் போன்ற வகையில் நிறுத்த ஒன்றுமே இல்லை. பெட்டரி தன்னிடம் இருப்பதையெல்லாம் ஒரே நேரத்தில் கொட்டும்.

அந்தப் பெட்டரி எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். பழைய லெப்டொப் பெட்டரியையும் பவர் பேங்கையும் உடைத்தால் உள்ளே அதே அளவுச் செல்கள் இருக்கும். பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் அவை மெதுவாக, குறைந்த மின்னோட்டம் கொடுப்பதற்குச் செய்தவை. 21 அம்பியர் கேட்டால் சூடாகி, வீங்கி, தீப்பிடிக்கும். நடக்காத விஷயத்தைச் சொல்லிப் பயமுறுத்தவில்லை. 2018 மே மாதத்தில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இப்படியான ஒரு சிப் இல்லாத சாதனம் வெடித்து, அதன் துண்டு தலைக்குள் பாய்ந்து ஒருவர் இறந்தார். 2019 ஜனவரியில் டெக்சாஸ் மாநிலத்தில் 24 வயது இளைஞர் ஒருவர், வெடித்த வேப்பின் துண்டு கழுத்து நாடியைக் கிழித்ததால் இறந்தார். முகத்துக்கு நேரே பிடிக்கிற சாமான் இது என்பதை மறக்க வேண்டாம். நம் பிள்ளை அதைக் காற்சட்டைப் பொக்கெட்டில், சாவிக்கொத்தோடும் சில்லறைக் காசோடும் வைத்துக்கொண்டு டியூஷனுக்குப் போகிறான்.

இரண்டாவது, உலோகம். கொயில் கம்பி இரும்பு, குரோமியம், அலுமினியம், நிக்கல் போன்ற உலோகங்களின் கலப்பு. 2018இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், டேங்க் வகை வேப் பாவிக்கிற 56 பேரின் சொந்தச் சாதனங்களைச் சோதித்தார்கள். போத்தலில் இருந்த திரவத்தில் ஈயம் மிகக் குறைவு. அதே திரவம் கொயிலைத் தொட்டு ஆவியாக வந்தபோது ஈயத்தின் அளவு 25 மடங்குக்கும் அதிகம். நிக்கலும் குரோமியமும் அப்படியே ஏறியிருந்தன. கொயிலை அடிக்கடி மாற்றுகிறவர்களின் ஆவியில் உலோகம் கூடுதலாகக் காணப்பட்டது என்றும் சொன்னார்கள். "நான் கொயிலை அடிக்கடி மாத்துறேன் சேர், கிளீனா வச்சிருக்கேன்" என்று சொல்கிற பிள்ளைக்கு இதுதான் பதில். இது தெரிந்து வாங்கிய கம்பியின் கதை. பழைய அயன் பெட்டியில் இருந்தும் ஹீட்டரில் இருந்தும் உருவிய கம்பியில் என்ன கலந்திருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்?

பஞ்சு விஷயமும் சின்னது இல்லை. கூடுதலாகத் திணித்தால் திரவம் ஏறாது. காய்ந்த பஞ்சு கருகும். அந்த நிலையில் திரவத்தில் உள்ள கிளிசரினும் புரொப்பிலீன் கிளைக்கோலும் உடைந்து போமல்டிஹைட், அக்ரோலின் போன்ற நச்சுப் பொருட்கள் உண்டாகின்றன. புதிதாகக் கட்டிப் பழகுகிறவனின் நெஞ்சுக்குத்தான் இது அதிகம் போகும். பழகுகிற காலத்துச் செலவை நுரையீரல் கட்டுகிறது.

மூன்றாவது, திரவம். திறந்து கட்டுகிற டேங்குக்குள் எதையும் ஊற்றலாம். 2019இல் அமெரிக்காவில் பரவிய நுரையீரல் பாதிப்பில், 2020 பெப்ரவரி வரை 2,807 பேர் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார்கள் அல்லது இறந்தார்கள். இறந்தவர்கள் 68 பேர். கஞ்சாச் சத்துக் கலந்த, வெளியில் வாங்கிய திரவத்தில் சேர்த்திருந்த விட்டமின் ஈ அசிட்டேட்தான் முக்கிய காரணம் என்று கண்டார்கள். சிங்கப்பூரில் எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தை வேப் திரவத்தில் கலந்து விற்கப்போய், 2025 செப்டெம்பர் முதல் அதைப் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். எவ்வளவு கட்டுப்பாடுள்ள நாடு அது! லேபல் இல்லாத போத்தல் நம் ஊருக்கு வரும்போது அதற்குள் என்ன இருக்கிறது என்று யார் சோதிப்பது?

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இன்னும் கவனம். நிகோட்டின் திரவம் பழ வாசனையோடு, நிறத்தோடு இருக்கும். 2014 டிசம்பரில் நியூயோர்க் மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தை ஒன்று திரவ நிகோட்டின் உள்ளே போனதால் இறந்தது. நானாவின் மேசை லாச்சிக்குள் இருக்கிற போத்தல் தங்கச்சியின் கைக்கு எட்டும்.

இதற்கு வருகிற மறுப்பையும் நேர்மையாகப் பார்ப்போம். "சிகரெட்டை விட இது நல்லது. இங்கிலாந்தில் டொக்டர்மாரே சொல்கிறார்கள்" என்பார்கள். ஆம், பல வருடம் சிகரெட் பிடித்து விட முடியாத பெரியவர்களுக்கு, சிகரெட்டை விடுவதற்கு அங்கே இதைச் சொல்கிறார்கள். ஆனால் அதே நாட்டில் 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்க முடியாது. டேங்க் 2 மில்லிலீற்றருக்கு மேல் கூடாது, நிகோட்டின் மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்றும் விதி இருக்கிறது. சிகரெட் பிடித்தே பார்க்காத 15 வயதுப் பிள்ளைக்கு அது விடுவதற்கான வழி இல்லை, தொடங்குவதற்கான வழி. 40 வருடம் புகைத்த வாப்பாவின் நியாயத்தை மகன் கடன் வாங்க முடியாது.

ஹறாமா, மக்ரூஹா என்ற விவாதத்தை உலமாக்களிடம் விடுவோம். நாம் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறோம்.

சபுர் போய் வருகிற நானாமார், மச்சான்மார்: டுபாயில் 2019 முதல் இது சட்டப்படி விற்பனையாகிறது என்பதற்காகப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு வராதீர்கள். கட்டாரில் தடை. இங்கே நீங்கள் பாவித்து வைத்த பழைய டேங்க்தான் தம்பியின் முதல் டேங்க் ஆகிறது.

போன் திருத்துகிற கடைக்காரச் சகோதரர்கள்: பழைய செல்லைத் தனியாகக் கேட்டு வருகிற பொடியனிடம் "என்னத்துக்கு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். டோர்ச் செய்வதற்கு என்றால், வாப்பாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். 200, 300 ரூபாய் வியாபாரத்துக்காக ஒரு பிள்ளையின் கண்ணைப் பணயம் வைக்க வேண்டாம்.

உம்மாமார், வாப்பாமார்: மகனின் மேசையில் மெல்லிய கம்பிச் சுருளும், பஞ்சும், சின்ன ஸ்குரூ டிரைவரும், ஓம் அளக்கிற மீற்றரும் ஒன்றாகக் கிடந்தால், முதலில் கையை ஓங்காதீர்கள். அடித்தால் சாமான் கூட்டாளி வீட்டுக்குப் போகும், பழக்கம் போகாது. பெட்டரியைக் கேட்டு வாங்கி, உலோகம் படாமல் தனியாக வையுங்கள். இந்தப் பதிவில் உள்ள கணக்கை அவனையே போடச் சொல்லுங்கள். விட முடியவில்லை என்று அவன் சொன்னால், அது நோய்க்கான பேச்சு, திமிருக்கான பேச்சு இல்லை. 1948 என்ற இலக்கத்துக்கு அழைத்தால், புகைத்தலை விடுவதற்கு இலவசமாக ஆலோசனை சொல்வார்கள்.

பாடசாலைக்கும் பள்ளிவாயல் நிருவாகத்துக்கும் எங்கள் கோரிக்கை ஒன்றுதான். பிடிபட்ட பிள்ளையை மேடையில் ஏற்றி அவமானப்படுத்துவதோடு விஷயத்தை முடிக்க வேண்டாம். 0.2 ஓம் கொயிலைப் பிழையில்லாமல் சுருட்டுகிற கைக்கு மோட்டார் சுற்றத் தெரியும், சேர்கிட் போர்ட்டில் ஈயம் வைக்கத் தெரியும். 2013 முதல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு இருக்கிறது. மின்னிணைப்புக்கும் போன் திருத்தத்துக்கும் என்.வீ.கியூ. பயிற்சிகள் இருக்கின்றன. சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணித்தியாலம் ஒரு வகுப்பறையைத் திறந்து, மீற்றரும் பழைய ரேடியோக்களும் வைத்தால் அந்தப் பொடியன்மார் வருவார்கள். ஊரில் எலெக்ட்ரிக் வேலை தெரிந்த பாஸ்மார் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆளுக்கு மாதம் ஒரு நாள் தந்தால் போதும். சாமான்களை நாங்கள் சேர்க்கிறோம்.

அந்தக் கை எதையாவது கட்டத்தான் போகிறது. எதைக் கட்டுவது என்பதை மட்டும்தான் நம்மால் மாற்ற முடியும்.

உடன்படாதவர்கள் கீழே எழுதுங்கள், பேசுவோம். சனிக்கிழமை வகுப்புக்கு நேரம் தரக்கூடியவர்கள் உள்பெட்டியில் பெயரைப் போடுங்கள். பொடியன்மாரின் பெயரை மட்டும் யாரும் இங்கே எழுத வேண்டாம். அவர்கள் நம் பிள்ளைகள்.