கல்பாசிக்கு மூணு மொழியில் பேர் இருக்கு... ஆனா அது எந்த இனம்?

ஓசூர் மளிகைக் கடையில் தமிழில் கல்பாசி, கன்னடத்தில் கல்லுஹூவு, தெலுங்கில் ராத்திபுவ்வு. எப்படிக் கேட்டாலும் பிரியாணிக்குப் போடும் அதே கருஞ்சாம்பல் சருகுதான் வரும். சிக்கல் என்னன்னா, சந்தையில் இந்தப் பேரில் விற்பது ஒரே இனம் கிடையாது.

கல்பாசி பூவும் இல்லை, வெறும் பாசியும் இல்லை. அது லைக்கன். ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் நடத்தும் கூட்டுக் குடித்தனம். பூஞ்சை வீடு கட்டும்; பாசி ஒளிச்சேர்க்கை செய்து சாப்பாடு போடும். 1753-ல் லின்னேயஸ் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் 'லைக்கன்' என்ற ஒரே பேரினத்தில் அடைத்தார். அதைப் பல பேரினங்களாகப் பிரித்தவர் அவருடைய மாணவர் எரிக் அகாரியஸ். இது இரண்டு உயிர்களின் கூட்டு என்று 1860-களின் கடைசியில் சுவிஸ் தாவரவியலாளர் சைமன் ஷ்வெண்டனர் சொன்னபோதோ பெரிய சண்டையே நடந்தது.

சரி, இரண்டு பேர் குடியிருக்கும் வீட்டுக்கு யார் பேரை வைப்பது? சர்வதேசப் பெயரிடல் விதிப்படி லைக்கனின் அறிவியல் பெயர் பூஞ்சைக்கு உரியது. பாசிக்குத் தனிப் பெயர். சமைக்கிறவர் பேர் ரேஷன் கார்டில் இல்லாத கதைதான்!

கல்பாசி என்று பொதுவாகக் காட்டப்படுவது பார்மோட்ரீமா பெர்லாட்டம். பழைய பெயர் பார்மீலியா பெர்லாட்டா. பல மூலிகைப் பட்டியல்களில் இன்னமும் அதுதான் ஓடுகிறது. இதோடு பார்மோட்ரீமா டிங்டோரமும், இமயமலைப் பக்கம் சேகரிக்கப்படும் எவெர்னியாஸ்ட்ரமும் கலந்து வரும். கண்ணால் பிரிப்பது கஷ்டம். உள்பக்க வெள்ளை அடுக்கில் ஒரு சொட்டு பிளீச்சிங் கரைசல் விட்டால் டிங்டோரம் சிவக்கும்; பெர்லாட்டம் சிவக்காது. இந்த வகைச் சோதனையைக் கொண்டுவந்தவர் பின்லாந்தின் வில்லியம் நைலாண்டர். ஷ்வெண்டனரைக் கடுமையாக எதிர்த்தவரும் இவரே.

பாரிஸ் நகரக் காற்று கெட்டால் லைக்கன் மறைகிறது என்று 1866-லேயே எழுதியவரும் அதே நைலாண்டர்தான். லைக்கனுக்கு வேர் கிடையாது. மழையிலும் காற்றிலும் வருவதை அப்படியே உறிஞ்சும். கந்தக டை ஆக்சைடு பல இனங்களைக் கொல்லும், சில இனங்கள் தாக்குப்பிடிக்கும். அதனால் சிப்காட் சாலையோர மரத்தில் 'ஏதோ சாம்பலாப் படிஞ்சிருக்கு' என்பது தகவலே இல்லை. அங்கே எந்த இனம், அஞ்செட்டி காட்டில் எந்த இனம் என்று தெரிந்தால்தான் ஒப்பிட முடியும்.

இந்தியாவில் 2,700-க்கும் மேற்பட்ட லைக்கன் இனங்கள் பதிவாகியுள்ளன. அடையாளம் காண டி.டி. அவஸ்தியின் 1988 கையேடு இருக்கிறது. ஒப்பிட மாதிரிகள் லக்னோவின் தேசிய தாவரவியல் ஆய்வு நிறுவனத்தில் இருக்கின்றன. கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளின் தாவரவியல் துறைகள் ஒரு லென்ஸோடும் ஒரு பாட்டில் பிளீச்சிங் கரைசலோடும் இந்த வேலையைத் தொடங்கலாம். கல்பாசி விற்கும் நிறுவனங்களும் பாக்கெட்டில் இனப் பெயரை அச்சிட வேண்டும். வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர் மட்டுமே வளரும் ஒன்றைக் கிலோ கணக்கில் சுரண்டி எடுக்கிறோம். எதை எடுக்கிறோம் என்றாவது எழுதி வைக்கலாமே.