சர்க்கரைக்கு முன்பே ஏறுவது இடுப்பளவு

60 வயதைத் தாண்டிய சிங்கப்பூர் இந்தியர்களில் பத்தில் ஆறு பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2017 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் சொன்னார். அதன் பிறகு நாம் சர்க்கரையைப் பற்றி நிறையவே பேசிவிட்டோம். 2022 டிசம்பர் 30 முதல் பொட்டலப் பானங்களுக்கு நியூட்ரி-கிரேட் தரக்குறி வந்தது. ஓராண்டில் பபிள் டீக்கும் வந்தது. பானங்களில் சர்க்கரை உண்மையாகவே குறைந்திருக்கிறது. அதை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் உடலுக்குள் சர்க்கரை ஏறுவது கடைசிக் கட்டம். வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் கொழுப்பு சேரும்போது இன்சுலின் சொல்வதை உடல் சரியாகக் கேட்பதில்லை. கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து சில ஆண்டுகள் சமாளிக்கிறது. அதுவரை இரத்தச் சோதனையில் சர்க்கரை இயல்பாகவே தெரியும்.

இந்த இடைக்காலத்தைத்தான் ‘வளர்சிதை மாற்ற நோய்த்தொகுப்பு’ என்ற கணக்கு பிடிக்கப் பார்க்கிறது. இடுப்புச் சுற்றளவு ஆசிய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. அல்லது அதற்கு மேல். இரத்த அழுத்தம் 130/85. வெறும் வயிற்றில் சர்க்கரை 5.6, டிரைகிளிசரைடு 1.7, பிறகு நல்ல கொழுப்புக் குறைவு. ஐந்தில் மூன்று இருந்தால் போதும். தனித்தனியே பார்த்தால் எல்லாம் ‘கொஞ்சம் கூடுதல்’தான், எதுவும் வலிக்காது. சேர்ந்து வந்தால் நீரிழிவோடு மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் அபாயமும் கூடும்.

தெற்காசியர்களான நமக்கு இன்னொரு சிக்கல். கை கால் ஒல்லியாக இருக்கும், எடையும் சரியாக இருக்கும், வயிறு மட்டும் முன்னால் வரும். வீட்டில் அதைத் ‘தொப்பை’ என்று கேலி செய்து விட்டுவிடுவார்கள். ஐரோப்பியர்களைவிட இளம் வயதிலேயே நமக்கு நீரிழிவு வருகிறது. குடும்ப மருத்துவரோடு நம்மை இணைக்கும் ஹெல்தியர் எஸ்ஜி திட்டமோ 40 வயதில்தான் தொடங்குகிறது. பெற்றோருக்கு நீரிழிவு உள்ள இருபது வயது மாணவருக்கு அது மிகவும் தாமதம் என்பது என் கருத்து. அவர் இப்போதே மருத்துவரிடம் கேட்டு இரத்தச் சோதனை செய்துகொள்ளலாம்.

உடற்பயிற்சிக் கூடத்தில் என் நண்பர்கள் தினமும் எடை பார்க்கிறார்கள். அளவு நாடா யாரிடமும் இல்லை. அம்மாவின் தையல் பெட்டியில் ஒன்று கிடக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டபின் அளக்க வேண்டும். ஜீன்ஸ் அளவைச் சொல்லித் தப்பிக்க முடியாது, அதை நாம் தொப்பைக்குக் கீழேதான் போடுகிறோம்.