பதினைந்து நாள் மாத்திரை

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, சாம்பியன் ரீஃப் பக்கத்து லைன் வீடொன்றில் நமக்கு வேண்டிய பெரியவர் ஒருவரைக் காணச் சென்றிருந்தோம். 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்படும் வரையில் பூமிக்கடியில் உழைத்தவர் அவர். இரு மாதங்களுக்கு முன் நெஞ்சுவலி கண்டு, பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு திரும்பியிருந்தார். செலவு முழுவதும் ஆயுஷ்மான் அட்டையிலேயே கழிந்தது.

பேச்சுவாக்கில், "மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா, ஐயா?" என்று கேட்டோம்.

"ஒன்றுவிட்டு ஒரு நாள் சாப்பிடுகிறேன், தம்பி. அட்டைக்குப் பதினைந்து நாள் மாத்திரைதான் கொடுத்தார்கள். இப்போது கைக்காசு போட்டு வாங்குவது. இழுத்துப் பிடித்துச் சாப்பிட்டால்தானே கட்டும்?" என்றார்.

நமக்குப் பகீரென்றது. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் முதலிய மருந்துகளைத் தருவது, அந்தக் கம்பிவலைக்குள் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளாதிருக்கும் பொருட்டே. இரண்டும் சேர்ந்து பல மாதங்கள், பெரும்பாலும் ஓராண்டு வரை தொடரும். பின்னும் ஒன்று நிற்பதில்லை. மருத்துவரைக் கேளாமல் குறைத்தால் மாரடைப்பு மீண்டும் வரக்கூடும். சிக்கனத்திற்கு உகந்த இடம் இதுவன்று.

நிற்க. இந்தப் பதினைந்து நாள் கணக்கு எங்கிருந்து வந்தது? 2018 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம், மருத்துவமனையில் படுத்துப் பெறும் சிகிச்சைக்கானது. குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை. இன்ன சிகிச்சைக்கு இவ்வளவு என்று ஒரு மொத்தத் தொகை மருத்துவமனைக்குப் போகிறது. வீடு திரும்பிய பின் 15 நாள் வரைக்குமான மருந்தும் அத்தொகைக்குள் அடக்கம். (இதைக் கேட்டு வாங்காமலே வந்துவிடுவோரும் நம்மில் உண்டு!) பதினாறாம் நாள் முதல், 5 லட்சத்தில் எவ்வளவு மிச்சமிருப்பினும், மருந்துக் கடையில் அட்டை செல்லாது. மாரடைப்பு மறுபடி வந்தால் லட்சக்கணக்கில் கொடுக்க ஆயத்தமாயிருக்கும் திட்டம், அது வராதிருக்கத் தின்னும் மாத்திரைக்குக் கணக்குப் பார்ப்பது நமக்கு விந்தையாகவே படுகிறது.

பெரியவரின் மகன், விடியுமுன் மாரிக்குப்பம் வண்டியேறிப் பெங்களூர்த் தொழிற்சாலைக்குச் சென்று இரவில் திரும்பும் நூற்றுக்கணக்கானோரில் ஒருவர். சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டது, ஆகவே இ.எஸ்.ஐ. உண்டு. நூற்றுக்கு முக்கால் ரூபாய் அவர் சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது. மூன்றேகால் ரூபாய் முதலாளி செலுத்துகிறார். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இத்திட்டத்தில், படுக்கையில் சேராமல் வெளிநோயாளியாகச் சென்று பெறும் மருந்தும் அடங்கும். தொழிலாளியை அண்டி வாழும், சொற்ப வருமானமுள்ள தாய் தந்தையரும் அதில் குடும்பத்தினரே.

மகனின் அட்டையை வாங்கிப் பார்த்தோம். மனைவியின் பெயர் இருந்தது. இரு பிள்ளைகளின் பெயர்களும் இருந்தன. தந்தையின் பெயரைக் காணோம்.

"அப்பாவையும் சேர்க்கலாமென்று ஒருவரும் சொல்லவில்லையே, அண்ணா" என்றார் அவர். சேரும்போது கொடுத்த தாளில் அவசரமாக எழுதிக் கொடுத்ததாம். நம் வீடுகளில் இப்படி எத்தனை அட்டைகள் அரைகுறையாகக் கிடக்கின்றனவோ! நேயர்கள் இன்றிரவே எடுத்துப் பார்ப்பார்களாக.

பெயர் சேரும் வரையில் மருந்து நிற்கலாகாதல்லவா? மறுநாளே ஜன் ஔஷதி கடையில் ஒரு மாதத்திற்கு வாங்கினோம். பிரபல கம்பெனி மருந்தின் விலையில் பாதிகூட ஆகவில்லை. விட்டுப்போன நாள்களை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லும்படியும் பெரியவரிடம் கேட்டுக்கொண்டோம். முகத்தைச் சுளித்தார், பிறகு இசைந்தார்.

செவ்வாயன்று விடியலில் சீட்டுச் சாளரத்தில் நாம் அமர்ந்திருந்தோம். மகன் சீசன் டிக்கெட்காரர். சாளரத்தில் அவருக்கு வேலையில்லை. ஆயினும் அருகே வந்து, பையிலிருந்து தந்தையின் ஆதார் நகலை எடுத்துக் காட்டிவிட்டு வண்டிக்கு ஓடினார்.