பெருநாளுக்குப் பின் வரும் பசி

எல்லாப் புகழும் இறைவனுக்கே.

நோன்புப் பெருநாளன்று தொழுகை முடிந்து வீடு திரும்பியதும் காசிமேட்டிலும் இராயபுரத்திலும் நாம் செய்யும் முதல் வேலை, தட்டுகளை நிரப்பி அண்டை வீடுகளுக்கு அனுப்புவதுதான். எதிரே இருக்கும் மீனவர் வீட்டுக்கு ஒன்று, பக்கத்துக் கிறித்தவக் குடும்பத்துக்கு ஒன்று, மாடியில் குடியிருப்போருக்கு ஒன்று. ரமளான் முழுவதும் அவ்வீட்டுப் பிள்ளைகள் தூக்குவாளியுடன் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்கு நம் பிள்ளைகளோடு வரிசையில் நின்றவர்கள்தாம். பல சமயத்தார் சுவரோடு சுவராக வாழும் ஊரில் பெருநாள் இவ்வாறே கொண்டாடப்படுகிறது. இதற்காக நாம் மகிழ்வது நியாயமே. ஆயினும் அம்மகிழ்ச்சியில் நாம் ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம்.

கிழக்குக் கடற்கரையில் மீன்களின் இனப்பெருக்கத்தை முன்னிட்டு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உள்ளது. படகில் செல்லும் தொழிலாளிக்குப் பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது. மீன் விற்ற பணத்தில்தான் பங்கு. படகு கரையில் நின்றால் பங்கும் நின்றுவிடும். மீனவர் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் தருகிறது. ஆனால் ஐஸ்கட்டி உடைப்பவர், கூடை சுமப்பவர், ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கும் பெண்கள் எனத் துறைமுகத்தையே நம்பி வாழும் பலருக்கு அந்த நிவாரணம் எட்டுவதில்லை.

இனி நம் நாட்காட்டியைப் பார்ப்போம். 2019-இல் ஜூன் 5, 2020-இல் மே 25, 2021-இல் மே 14, 2022-இல் மே 3, 2023-இல் ஏப்ரல் 22 என ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து நம் பெருநாள் தடைக்காலத்துக்குள்ளேயே வந்தது. நாம் அனுப்பிய தட்டு, வருமானம் நின்றுபோன வீட்டைச் சென்றடைந்தது. பிறை ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாட்கள் குறைவானது. ஆகவே 2024-இல் பெருநாள் ஏப்ரல் 11-க்கும், 2025-இல் மார்ச் 31-க்கும் நகர்ந்துவிட்டது. இனி அது மீண்டும் தடைக்காலத்துக்குள் வருவதற்குக் கால் நூற்றாண்டு ஆகும்.

இதன் பொருள் என்ன? இப்போது நம் தட்டு, படகுகள் ஓடும் நாட்களில், ஓரளவு வருமானம் உள்ள வீட்டுக்குச் செல்கிறது. சில நாட்களில் தடை தொடங்கி அதே வீட்டின் அடுப்பு தணியும்போது, நம் பெருநாள் முடிந்திருக்கிறது. நம் கையும் மூடியிருக்கிறது. பிறை நகர்ந்தது அல்லாஹ்வின் ஏற்பாடு. நம் ஈகையும் அதனுடன் நகர்ந்துவிட்டதற்கு யார் பொறுப்பு?

பெருநாள் தொழுகைக்கு முன்பே ஃபித்ராவைக் கொடுத்துவிட வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்கள் இட்ட கட்டளை. குடும்பத்தில் ஒவ்வொருவருக்காகவும் ஒரு ஸாஉ, நம் வழக்கில் சுமார் இரண்டரை கிலோ அரிசி, கொடுக்கிறோம். கொண்டாட்டம் தொடங்கும் முன் ஏழையின் பசி தீர்ந்திருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். உதவி உரிய நேரத்தில் சேர வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறில்லை.

“முதலில் நம் சமுதாயத்து ஏழைகளைப் பார்க்க வேண்டாமா?” என்று சகோதரர்கள் கேட்கலாம். பார்க்கத்தான் வேண்டும். ஜகாத்துக்கும் ஃபித்ராவுக்கும் உரியவர்கள் யார் என்பதற்கு மார்க்கச் சட்டங்கள் உள்ளன. அவற்றில் நாம் கைவைக்கவில்லை. நாம் பேசுவது உபரியான ஸதகாவைப் பற்றி. அதற்குச் சமய எல்லை இல்லை. ஆட்டை அறுத்த நாளில், யூதரான தம் அண்டை வீட்டாருக்குக் கொடுத்தாகிவிட்டதா என்று நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) தம் வீட்டாரைத் திரும்பத் திரும்பக் கேட்டதை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். ஆணம் காய்ச்சினால் தண்ணீரைச் சற்று அதிகமாக்கி அண்டை வீட்டாரையும் கவனிக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதையும் அறிவோம். அந்த அறிவுரை பெருநாளுக்கு மட்டும் உரியதன்று.

நம் நகரத்திலேயே நமக்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. பிரிவினையின்போது சிந்துவிலிருந்து வந்தவர் தொடங்கிய சூஃபிதார் அமைப்பின் இந்துத் தொண்டர்கள், மயிலாப்பூரிலிருந்து திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலுக்கு நோன்பு துறக்கும் உணவைப் பல்லாண்டுகளாகக் கொண்டுவந்து பரிமாறுகிறார்கள். ஒரு நாள் வந்து வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அல்லர் அவர்கள். நமக்குப் பசிக்கும் மாதம் எதுவென்று அறிந்து, அம்மாதம் முழுவதும் வருகிறார்கள். நம் அண்டை வீட்டாருக்குப் பசிக்கும் மாதம் எதுவென்று நாம் அறிந்திருக்கிறோமா?

ஆகவே வடசென்னை ஜமாஅத்துகளின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். ஃபித்ரா அரிசி சேகரிக்கும் நாட்களிலேயே, தனியாக ஓர் ஸதகாப் பாத்திரத்தையும் வையுங்கள். ஃபித்ராவுடன் அது கலந்துவிட வேண்டாம். அதில் சேர்வதைத் தடைக்காலம் தொடங்கிய பின், எந்தச் சமயத்தவராயினும், தெருவில் வருமானம் நின்ற குடும்பங்களுக்குக் கொடுங்கள். புகைப்படம் வேண்டாம், பதாகை வேண்டாம்; உழைத்து உண்பவரின் மானம் அரிசியைவிட விலை உயர்ந்தது. ஜமாஅத்தால் இயலாவிடில், ஒவ்வொரு வீட்டிலும் தினமும் உலையிடும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்தால் போதும்.

ரமளானுக்குப் பின் ஷவ்வால் மாதத்தில் ஆறு நோன்புகள் நோற்பதை நாம் விரும்பிச் செய்கிறோம். பெருநாளோடு வணக்கம் முடிவதில்லை என்பதற்கு அது அடையாளம். ஈகைக்கும் அப்படியொரு ஷவ்வால் இருக்கட்டும்.

அல்லாஹ் நம் நோன்புகளையும் தர்மங்களையும் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.