பென்ஷன் வாசலில் எல்லைத் தமிழர்

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டும் என்பார்கள். முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் கேரள அரசு வழங்கும் பென்ஷன் விஷயத்தில், பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவிலும் இடுக்கி மலைகளிலும் வாழும் தமிழர் பலரின் கதை இதுதான். திருவனந்தபுரத்தில் வரம் கிடைத்துவிட்டது. பஞ்சாயத்து ஆபீஸ் ஜன்னலில்தான் தடங்கல்.

கேரளத்தைக் குறை சொல்வதற்கு முன் அதற்குரிய பெருமையைக் கொடுத்துவிட வேண்டும். ஆதரவற்றோருக்குப் பென்ஷன் என்பதை 1960-லேயே தொடங்கிய மாநிலம் அது. விவசாயத் தொழிலாளருக்கு 1980-ல் நாயனார் அரசு மாதம் 45 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தபோது இந்தியாவில் பலருக்கு அது வேடிக்கையாகப் பட்டது. அந்த 45 ரூபாய் 2021-ல் 1600 ஆகி, 2025 நவம்பரில் 2000 ஆயிற்று. அறுபது லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வாங்குகிறார்கள். ஊனமுற்றோர் விஷயத்திலும் மத்திய அரசின் திட்டம் 80 சதவீத ஊனம் வேண்டும் என்று கேட்க, கேரளம் 40 சதவீதமே போதும் என்கிறது. தாராளமான கைதான், சந்தேகமில்லை. அந்தக் கை எல்லைவரை நீளுகிறதா என்பதே கேள்வி.

கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, முதலமடைப் பக்கத்துக் கூலித் தொழிலாளியும், மூணாறு, வண்டிப்பெரியாறு எஸ்டேட்டில் தேயிலை கிள்ளிய அம்மாளும் பென்ஷனுக்கு மனுப் போடும்போது முதலில் முட்டிக்கொள்வது "வீட்டுப் பேர்" என்ற கட்டத்தில். மலையாளிக்குத் தறவாட்டுப் பேர் உண்டு. தமிழனுக்குத் தகப்பன் பேரின் முதலெழுத்துதான் உண்டு. எஸ்டேட்டில் இருப்பதோ கம்பெனியின் லைன் வீடு. அதற்கு நம்பர் உண்டு, பேர் ஏது? ரேஷன் கார்டில் மாரியம்மா, ஆதாரில் மாரியம்மாள், வாக்காளர் பட்டியலில் வெறும் மாரி என்றிருந்தால், மூன்று பேரும் ஒருவரே என்று நிரூபிக்க அந்தக் கிழவி எத்தனை படி ஏற வேண்டும்? வயதுக்கு அத்தாட்சி கேட்டால் இன்னும் கஷ்டம். பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல் பத்து வயதில் கூடை தூக்கியவர்கள் எந்த சர்டிபிகேட்டைக் காட்டுவார்கள்?

மனு பாரமும் விசாரணைக் கடிதமும் பெரும்பாலும் மலையாளத்திலேயே இருக்கின்றன. "ஹாஜராக்கணும்" என்று வந்த கடிதத்தைப் படிக்கத் தெரியாமல் தெருவில் போவோரிடம் காட்டிக் கேட்பதற்குள் கெடு முடிந்துவிடுகிறது. இத்தனைக்கும் சட்டம் தமிழர் பக்கம் இருக்கிறது! கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-ல் வந்தது. மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள தமிழர், கன்னடர் அரசு அலுவலகங்களுக்குத் தம் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அந்த மொழியிலேயே வர வேண்டும் என்பது அந்தச் சட்டம் தரும் உரிமை. குறை தீர்க்கக் கோரும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசியல் சாசனத்தின் 350-ஆவது ஷரத்தும் சொல்கிறது. தமிழும் மலையாளமும் தெரிந்த கிளார்க் என்று தனியாகவே கேரள பி.எஸ்.சி. பரீட்சை வைத்து ஆள் எடுக்கிறது. அப்படி எடுத்தவர்களைப் பென்ஷன் மனு வாங்கும் மேஜையில் உட்கார வைப்பதில் என்ன சிரமம் என்பது விளங்கவில்லை.

மனு பாஸாகிவிட்டால் கஷ்டம் தீர்ந்ததா என்றால், இல்லை. ஆள் உயிரோடிருக்கிறார் என்பதை மெய்ப்பிக்க அக்ஷயா மையத்தில் கைரேகை வைக்க வேண்டும். மஸ்டரிங் என்று அதற்குப் பெயர். நாற்பது வருஷம் கொழுந்து கிள்ளிய விரலில், கடலை பறித்த விரலில், ரேகை எங்கே மிஞ்சியிருக்கிறது? இயந்திரம் "இல்லை" என்று சொல்லிவிடுகிறது. ரேகை பதியாதவர்கள் உயிரோடிருப்பதற்கான சர்டிபிகேட்டைப் பஞ்சாயத்தில் கொடுத்தால் போதும் என்று விதி இருக்கிறது. படுக்கையில் கிடப்பவரின் வீட்டுக்கே அக்ஷயா ஊழியர் வந்து, 50 ரூபாய் கட்டணத்தில் மஸ்டரிங் செய்ய வேண்டும் என்றும் இருக்கிறது. இந்த இரண்டு விதிகளும் எஸ்டேட் லைன்களில் எத்தனை பேர் காதில் விழுந்திருக்கும்?

இடுக்கி மாவட்டத்து அடிமாலியில் 2023 நவம்பரில் இரண்டு மூதாட்டிகள், பல மாதப் பென்ஷன் வராததைக் கண்டித்துத் தட்டை ஏந்தித் தெருவில் பிச்சைக்கு இறங்கினார்கள். மாநிலமே அதிர்ந்தது. விஷயம் ஹைகோர்ட் வரை போயிற்று. ஐந்து தவணை பாக்கி என்று முதல்வரே 2024 ஜூலையில் சட்டசபையில் சொன்னார். அந்த மூதாட்டிகளின் துணிச்சல் பாராட்டத்தக்கது. ஆனால் அவர்கள் கழுத்தில் தொங்கிய அட்டையில் எழுதியிருந்தது மலையாளம், கேட்டவர்களுக்குப் புரிந்தது. இருபத்தைந்து மைல் மேலே, லைன் வீட்டுத் திண்ணையில் இருக்கும் தமிழ்க் கிழவி எந்தத் தெருவில் உட்கார்ந்து யாரிடம் கேட்பாள்?

தகுதியுள்ளவருக்கு இத்தனை முட்டுக்கட்டை போடும் இதே ஏற்பாட்டில்தான், அரசாங்கச் சம்பளம் வாங்கும் 1,458 பேர் ஏழைகளுக்கான இந்தப் பென்ஷனையும் சேர்த்து வாங்கியதாக 2024 நவம்பரில் கேரள நிதித்துறை கண்டுபிடித்தது. கெஜட்டட் அதிகாரிகளும் கல்லூரி ஆசிரியர்களும் அதில் இருந்தார்கள்! காகிதம் சரியாக இருந்திருக்கும் போலிருக்கிறது.

ஊனமுற்றோருக்கு இன்னொரு குறை உண்டு. முதியோர் போன்ற மற்றவர்களுக்குத் தரும் உதவியைக் காட்டிலும் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக ஊனமுற்றோருக்குத் தர வேண்டும் என்று 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு கூறுகிறது. தமிழ்நாட்டில் 2023-ல் செய்த உயர்வின்படி முதியோருக்கு 1200, ஊனமுற்றோருக்கு 1500. கணக்கு கச்சிதமாகச் சரி. கேரளத்தில் 2025 உயர்விலும் இருவருக்கும் ஒரே 2000தான். சட்டப்படி ஊனமுற்றவருக்கு 2500 வர வேண்டாமா? தொகையில் கேரளம் முந்தி நிற்கிறது, விகிதத்தில் தமிழ்நாடு. கால் வராத பிள்ளையை ஊனச் சான்றிதழுக்காக மூணாறிலிருந்து மாவட்டத் தலைமையிடமான பைனாவுக்கு மலைப்பாதையில் 60 கிலோமீட்டர் ஜீப் வைத்துக் கூட்டிப்போகும் தகப்பனுக்கு அந்த 500 ரூபாய் சின்னத் தொகையல்ல.

எஸ்டேட்டில் ரிடயரானவர்கள் நிலை வேறு மாதிரி. குடும்பத்தில் வேறு யாரும் வேலையில் இல்லையென்றால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். சங்கரன்கோவிலுக்கோ போடிக்கோ திரும்பிப் போனால் கேரளப் பென்ஷன் நின்றுவிடும். தமிழ்நாட்டில் புதிதாக மனுப் போட்டால், "இத்தனை வருஷம் எங்கே இருந்தீர்கள்?" என்ற கேள்வி. 1956 நவம்பரில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தபோது கோடு போட்டவர்கள் நிலத்துக்குத்தான் போட்டார்கள். எழுபது வயதுக் கிழவனை அந்தக் கோடு இரண்டாக வெட்ட வேண்டுமா? ரேஷன் அரிசியை எந்த மாநிலத்திலும் வாங்கலாம் என்ற ஏற்பாடு 2022-க்குள் நாடு முழுவதும் வந்துவிட்டது. அரிசி எல்லை தாண்டும்போது பென்ஷன் ஏன் தாண்டக் கூடாது? குறைந்தபட்சம் 60 வயது ஏழைக்கு மத்திய அரசு தரும் 200 ரூபாயும், 80 வயதுக்கு மேல் தரும் 500 ரூபாயுமாவது ஆளோடு போகலாம். மாநிலப் பங்கை இரண்டு அரசுகளும் பேசி முடிவு செய்யட்டும். இதில் நம்மவர் சிலர் மீதும் தப்பு உண்டு. வேலந்தாவளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கார்டு, அந்தப் பக்கம் ஒரு கார்டு என்று வைத்துக்கொள்வோரால்தான், நியாயமாகக் கேட்பவர் முகத்தையும் அதிகாரி சந்தேகத்தோடு பார்க்கிறார்.

அரசு செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. தமிழில் அச்சடித்த பாரம், தமிழ் தெரிந்த ஒரு கிளார்க், வருஷத்துக்கு ஒருமுறை எஸ்டேட் மஸ்டர் ஆபீஸிலேயே கைரேகைக்கும் ஊனச் சான்றிதழுக்கும் முகாம். அதுவரை, எழுதப் படிக்கத் தெரிந்த தமிழர்கள், ஆபீஸ் உத்தியோகஸ்தர்களும் சங்கத்துக்காரர்களும், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி லைன் வீடுகளிலும் காலனிகளிலும் உள்ள முதியோருக்கு மனு எழுதிக் கொடுக்கலாம். மூன்று காகிதத்திலும் பேர் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துத் திருத்த வேண்டும். மனுவைத் தமிழிலேயே எழுதி, ஆபீஸ் முத்திரையும் தேதியும் நம்பரும் போட்ட ரசீது வாங்காமல் திரும்பக் கூடாது. வாங்க மறுத்தால், மறுப்பதை எழுத்தில் தரும்படி கேட்க வேண்டும்.